மாமா நிறுத்திய பந்து

திருவண்ணாமலை,
13-10-2025

என் தங்கை வள்ளி பெற்ற ஒரே மகளும், ஆறு வருஷத்துக்கு முன் முழங்கால் கிழிந்து இந்திய ஹாக்கி அணிக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவளும், இப்போது மறுபடி மட்டையைத் தூக்கிக்கொண்டு ஒடிசாவில் ரூர்கேலா பயிற்சி கேம்புக்குப் போயிருப்பவளுமாகிய மருமகள் மதிவதனிக்கு, தாய்மாமன் கண்ணாயிரத்தின் ஆசீர்வாதம்.

முதலில் ஒரு சத்தியம். இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை யாரும் நம்பமாட்டார்கள். நீ நம்பமாட்டாய், உன் அம்மா நம்பமாட்டாள், மலையே இறங்கி வந்து படித்தாலும் நம்பாது. ஆனாலும் வரலாறு கேட்கிறது, எழுத வேண்டியிருக்கிறது. வரலாறு என்றால் கோபி டீக்கடை.

நீ கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்துச் செம்மண் மைதானத்தில் நடந்த கதை இது. நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனால் அடித்தவளுக்கு என்ன தெரியும்? வாங்கினவனைக் கேட்க வேண்டும்.

நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது செய்த மாதிரியே, இரண்டு காலிலும் அரிசிச் சாக்கைச் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டு இரண்டு செங்கல்லுக்கு நடுவில் நான் கோல் காக்கும் கோலியாக நின்றேன். நீ காலுக்கு நோகாமல் பூப்போலத் தட்டிக்கொண்டிருந்தாய். கடைசியாக ஒரு பந்தை வைத்து, "ஓரமா நில்லுங்க மாமா, இது முழு வேகம்" என்றாய். ஓரமாக நிற்பதா? கண்ணாயிரமா?

பந்தை மட்டையோடு ஒட்டி இழுத்துக்கொண்டு வந்து, முன்காலை ஊன்றி, உடம்பு மொத்தத்தையும் அந்தக் கால்மேல் போட்டு வீசினாய். பந்து கிளம்பியபோது, தீபத்தை இரண்டு மாதம் முன்னாலேயே ஏற்றிவிட்டார்களோ என்று ஊரே மலையைப் பார்த்தது. கோயில் நந்தி கழுத்தைத் திருப்பியது. என் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த மூன்று வெள்ளைக்காரர்களுக்கு அந்த நொடியே ஞானம் கிடைத்து, துணிமணியை மறந்து துறவியாகிப் போனார்கள். நான் புலிப் பாய்ச்சல் பாய்ந்தேன். பந்து என் வலது மணிக்கட்டில் பட்டது. எலும்பு திருநீறாகப் பொடிந்தது. தட்டில் போட்டுக் கொடுத்தால் நாலு பேர் பூசிக்கொள்ளலாம். பந்து நின்றது!

இதை இந்த வாரம் தினமும் கோபி கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "யோவ், ஆஸ்திரேலியாக்காரியே தடுக்காத பந்தை நீ தடுத்தியா? டீயைக் குடிச்சமா போனமான்னு இரு."

எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறதே என்று கேட்பாய். உலகத்தின் தலைசிறந்த பந்தை நிறுத்திய வலது கை இனிமேல் சில்லறை வேலைகள் செய்யாது. அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டேன். இது இடது கையின் கன்னி முயற்சி.

கேம்பில் போனை வாங்கி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் மட்டும்தான் கொடுப்பார்கள் என்றாயே, அந்தப் பத்து நிமிஷமும் அபிநயாவுக்கு. அஞ்சு வயசுப் பிள்ளைக்கு அம்மாவின் குரல் வேண்டும். எனக்குக் கடிதம் போதும்.

இப்படிக்கு,
அகில உலகக் கோலிகள் சங்கத் தலைவர், நந்தியின் நண்பர்,
மாமா கண்ணாயிரம்


ரூர்கேலா,
20-10-2025, தீபாவளி

அன்புள்ள மாமாவுக்கு,

மதி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் இன்னொரு புராணம் வரும், அதனால் கேட்கவில்லை.

உங்கள் கடிதத்தை அறையில் இருக்கும் பெண்களுக்கு எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். நந்தி கழுத்தைத் திருப்பிய இடத்தில் ஒருத்தி கட்டிலிலிருந்து கீழே விழுந்தாள். எல்லாருக்கும் பத்தொன்பது, இருபது வயசு. என்னை "தீதி" என்று, அதாவது அக்கா என்று, கூப்பிடுகிறார்கள். எனக்கு முப்பத்து மூன்று என்று சொன்னதும் ஒரு பெண், "எங்க அம்மாவைவிட நாலு வயசுதான் கம்மி" என்றாள், மரியாதையாகத்தான்.

ஆனால் மாமா, உங்கள் கையைப் பற்றி எனக்கு இரண்டு கதை வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அபிநயா, "தாத்தா கையில கட்டு போட்டிருக்காங்கம்மா, நான் அதுல மயில் வரைஞ்சேன்" என்றாள். பதறிப்போய் அம்மாவிடம் கேட்டேன். கிரிவலப் பாதையில் குரங்குக்கு வாழைப்பழத்தைக் காட்டிக் காட்டி மறைத்தீர்களாம், அது தள்ளிவிட்டதாம். உங்களுக்குத் தேவைதான். அந்தக் குரங்குக் காயத்தைக் கொண்டுவந்து என் பந்துக் கணக்கில் எழுதிவிட்டீர்கள், பாருங்கள்! போளூர் ரோட்டு வைத்தியரிடம்தான் கட்டுப் போட்டீர்களாமே. ஆஸ்பத்திரியில் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் என்ன? அவர் மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளைக்கருவும் வைத்துக் கட்டினால் கை வாத்துக் கழுத்து மாதிரி கோணிவிடாதா?

பயிற்சி நன்றாகப் போகிறது. பிரசாத் சார் நல்ல கோச். அவருக்கும் முழங்கால் போனதுதான், அதனால் என் காலைப் பார்ப்பதில்லை, என் முகத்தைப் பார்க்கிறார். நவம்பர் பதினைந்தாம் தேதி அணிப் பட்டியல். பெனால்டி கார்னர் அடிக்க ஓர் ஆள்தான் வேண்டும். நானும் ஒரு பஞ்சாப் பெண்ணும் நிற்கிறோம்.

மணிவேல் ஓசூரிலிருந்து தீபாவளிக்கு வந்து மகளுக்கு மத்தாப்புக் கொளுத்தியிருப்பார். அவர் எதுவும் சொல்வதில்லை. "உனக்குத் தோணுறத செய்" என்கிறார். எனக்கு என்ன தோன்றுகிறது என்று எனக்கே தெரிந்தால் சொல்ல மாட்டேனா?

ஒன்று கேட்கட்டுமா? கோபி கடையில் அந்தக் கதையைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். சும்மா கேட்கிறேன்.

உங்கள்
மதி


திருவண்ணாமலை,
27-10-2025

தீதியாகிய மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்து, படித்து, தலைமாட்டில் வைத்து, அதன்மேல் தூங்கினேன்.

குரங்கு சமாச்சாரம் உனக்கும் வந்துவிட்டதா? சரி, வந்தது வந்துவிட்டது. அது சாதாரணக் குரங்கு இல்லை. போன பிறவியில் ஹாக்கி நடுவராக இருந்திருக்க வேண்டும். என்னைத் தள்ளிவிட்டு ஒரு கையை மேலே தூக்கிக் காட்டியது. பழத்தை உரிக்கும்போதுகூட விதிமுறைப்படிதான் உரித்தது. நான் மேல்முறையீடு செய்யவில்லை.

கட்டு நன்றாக இருக்கிறது. வெள்ளைத் துணிமேல் அபிநயாவின் மயில் தோகை விரித்திருக்கிறது. மயில் என்று அவள் சொல்கிறாள். எனக்குக் கத்தரிக்காய் மாதிரிதான் தெரிகிறது, சொன்னால் அழுவாள் என்று சொல்லவில்லை. குளிப்பதற்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு ஒற்றைக் கையால் தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன். சட்டைப் பித்தான் போட ஆள் கிடையாது. அறுபத்தோரு வயசுக் கட்டைப் பிரம்மச்சாரிக்குப் பெண்டாட்டியும் இல்லை, சாட்சியும் இல்லை. அதனால் மாடியில் தங்கியிருக்கும் ஜெர்மன்காரியிடம் தினமும் காலையில் நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். இது ஏதோ நம்மூர் வழிபாடு என்று நினைத்து அவளும் கண்ணை மூடிக்கொண்டு பித்தான் போடுகிறாள்.

கோபி கடைக் கதையை நிறுத்தச் சொன்னாய். நான் நிறுத்தினாலும் அது நிற்கவில்லை, மதி. முதலில் ஒருத்தரும் நம்பவில்லை என்று எழுதினேன் அல்லவா? இப்போது நம்ப ஆரம்பித்துவிட்டார்கள். நான் கடைக்குள் நுழைந்தால் எழுந்து இடம் தருகிறார்கள். பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், 'மதிவதனியின் பந்தை நிறுத்தியவர்' என்று அழைப்புப் பத்திரிகையிலேயே போடுவார்களாம். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரு கதையை ஊர் நம்புவது இதுதான் முதல் தடவை.

நேற்று மட்டும் கோபி டீயை ஆற்றிக்கொண்டே வேறொரு பேச்சுப் பேசினான். "கண்ணாயிரமே நிறுத்திட்டான்னா, பாவம், அந்தப் பொண்ணு முடிஞ்சுது போல." டம்ளரைக் கீழே வைத்தேன். "டேய், நான் நிறுத்துனது என் திறமைடா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எப்போதும் நான் சிரிக்க வைப்பேன், அப்போது சிரிப்பார்கள். இது அந்தச் சிரிப்பு இல்லை.

அதை விடு. வள்ளியைப் போய்ப் பார்த்தேன். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைக் கடையில் பௌர்ணமிக்கு எலுமிச்சை சோடா பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அவ எப்பணா வருவா?" என்று கேட்டாள். "பட்டியல் வந்ததும் தெரியும்" என்றேன். "நான் கேட்டது அது இல்ல" என்றாள்.

காலில் ஐஸ் வைக்கிறாயா? வை.

இப்படிக்கு,
நடுவர் குரங்கால் சிவப்பு அட்டை காட்டப்பட்ட,
மாமா கண்ணாயிரம்


ரூர்கேலா,
5-11-2025, பௌர்ணமி

அன்புள்ள மாமாவுக்கு,

இன்றைக்கு ஊரில் கூட்டம் நெரியும். அம்மாவுக்குக் கடையில் உட்கார நேரமிருக்காது, அபிநயா சோடா மூடிகளைப் பொறுக்கிக் கோத்துக்கொண்டிருப்பாள். இங்கே நிலா தெரியவில்லை, மழை மூட்டமாக இருக்கிறது.

யாரிடமும் சொல்லாததை உங்களிடம் எழுதுகிறேன். சிரிக்கவைக்க எதுவும் எழுதாதீர்கள்.

என் முழங்கால் வலிக்கவில்லை, மாமா. வலித்தால் நன்றாக இருக்கும். டாக்டர் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். ஓடுகிறேன், குனிகிறேன், படி ஏறுகிறேன். ஆனால் பந்து போகமாட்டேன் என்கிறது. முன்காலை ஊன்றும் நொடியில் உடம்பு தானாகப் பின்வாங்கிக்கொள்கிறது. அந்தப் பஞ்சாப் பெண் அடிக்கும் பந்து கோல் பலகையில் மோதும்போது பட்டாசு வெடிக்கும் சத்தம். என் பந்து கதவைத் தட்டுவது மாதிரி.

போன வாரம் பிரசாத் சார் என்னைத் தனியாக உட்கார வைத்து, "கடைசியா முழு அடி எப்ப அடிச்சீங்க?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஆறு வருஷத்தில் ஒரே ஒரு தடவை. நம்ம செம்மண் மைதானத்தில், உங்களுக்கு. அன்றைக்கு நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை, மாமா. கால் போனால் போகட்டும் என்று வீசினேன். அது எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ரயில் ஏறுவது என்று இருந்தேன்.

நீங்கள் நிறுத்திவிட்டீர்கள்.

பன்னிரண்டு வயசில் நான் அடித்த பந்தைக்கூட நீங்கள் ஒரு தடவையும் நிறுத்தியதில்லை. சாக்கைக் கட்டிக்கொண்டு தவளை மாதிரி தப்புத் திசையில்தான் குதிப்பீர்கள். கண் மங்கி, அறுபது தாண்டி, வெறுங்கையால் நிறுத்துகிறீர்கள் என்றால் அது உங்கள் திறமை இல்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் முகத்தைப் பார்க்கவே முடியாமல்தான் அன்று மட்டையைப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன். அப்போதே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. டிக்கெட் எடுத்துவிட்டோமே என்று வந்தேன்.

உங்கள்மேல் கோபம் இல்லை. வேறு யாராவது நிறுத்தியிருந்தால் வலித்திருக்கும். நீங்கள் நிறுத்தியதால் சிரிக்கவாவது ஒரு கதை மிஞ்சியது. நல்லதைத்தான் செய்தீர்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லிவிடுவேன். பதினாலாம் தேதி பிரசாத் சாரிடம் என் பெயரை எடுத்துவிடச் சொல்லப்போகிறேன். பட்டியலில் இல்லாமல் போவதைவிட நானே விலகுவது மேல். தீபத்துக்கு ஊரில் இருப்பேன். அபிநயாவைத் தோளில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

உங்கள்
மதி


திருவண்ணாமலை,
10-11-2025

மதி,

உன் கடிதம் இன்று பதினோரு மணிக்கு வந்தது. இதைத் தபாலாபீஸ் மேசைமுன் நின்றுகொண்டே எழுதுகிறேன். விரைவுத் தபாலில் போனால் பதின்மூன்று, பதினாலாம் தேதிக்குள் வரலாம், வராமலும் போகலாம் என்கிறார்கள்.

எழுதும் முன் முடிந்ததை எல்லாம் செய்து பார்த்தேன். கேம்ப் ஆபீசுக்குப் போன் போட்டேன். எனக்குத் தெரிந்த இந்தி நாலு வார்த்தை. பேட்டி, பால், ஹாத், டூட்டா; மகள், பந்து, கை, உடைந்தது. எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஹாஸ்பிடல் ஜாவோ", ஆஸ்பத்திரிக்குப் போ என்று அக்கறையோடு சொல்லி வைத்துவிட்டார். மறுபடி போட்டேன். சண்டே, சண்டே என்றார். அடுத்த ஞாயிறு பதினாறாம் தேதி. அதனால் என்ன பிரயோஜனம்?

பிறகு ஆட்டோ பிடித்து வள்ளியிடம் போனேன். நேற்று நீ அவளிடம் சொல்லிவிட்டாய் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. அபிநயாவின் பாவாடையை மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதை எல்லாம் மடித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"கொரங்கு தள்ளுச்சுன்னு நீதானே சொன்ன?"

"பொய் சொன்னேன், வள்ளி."

"இப்ப சொல்றது?"

"நெஜம்."

"அப்பவும் இதே மூஞ்சியத்தான் வெச்சிருந்த."

"அண்ணாமலையார் மேல சத்தியமா சொல்றேன். அவளுக்கு நீ ஒரு வார்த்த சொன்னா நம்புவா. நான் சொன்னா நம்பமாட்டா. எப்படியாச்சும் தகவல் அனுப்பு, மணிவேலை விட்டுப் பேசச் சொல்லு."

 அவள் பாவாடையைப் பெட்டியில் வைத்து மூடினாள். "கொரங்காவே இருந்துட்டுப் போவட்டும்ணா. புள்ள தெனம் தூக்கத்துல அம்மா அம்மான்னு கைய நீட்டுது. உனக்கென்ன, கத சொல்லிட்டுப் போயிடுவ."

 அவள் கேட்பதும் நியாயம்தான். அபிநயா ஓடிவந்து கட்டைத் தடவி, மயிலுக்கு இன்னொரு கண் வரையலாமா என்று கேட்டாள். வரையச் சொல்லிவிட்டு வந்தேன்.

அதனால் வேறு ஆள் இல்லை. நான்தான் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு நான் பாயவில்லை, மதி. நீ ஓரமாக நில்லுங்கள் என்றதும் நிஜமாகவே ஓரமாகப் போகத்தான் காலை எடுத்தேன். பயம். என் கைலி முனை சாக்குக் கயிற்றில் மாட்டிக்கொண்டது. வலது பக்கமாகக் குப்புற விழுந்தேன், கை முன்னால் நீண்டது. பந்து வந்ததை நான் பார்க்கவே இல்லை. சத்தம்தான் கேட்டது. நிமிர்ந்து நின்றிருந்தால் அது என்னைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துச் சுவரில் போய் அடித்திருக்கும். நான் நிறுத்தவில்லை, என் கை அங்கே கிடந்தது, அவ்வளவுதான். பந்து அதில் பட்டுச் செங்கல்லில் மோதி நின்றது. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் கையைக் கைலி மடிப்புக்குள் சொருகிக்கொண்டேன். நீ முன்னால் நடந்ததால் நான் பின்னால் பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததைப் பார்க்கவில்லை.

அங்கேயே காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் நீ மறுநாள் ரயில் ஏறியிருக்கமாட்டாய், வள்ளியும் விட்டிருக்கமாட்டாள். அதனால் அவளுக்குக் குரங்கைக் கொடுத்தேன். உனக்கு உள்ளதை எழுதினேன், ஆனால் நந்திக்கும் வெள்ளைக்காரர்களின் ஞானத்துக்கும் நடுவில் சொருகி எழுதினேன். பழக்கதோஷம். அதோடு, நிறுத்தினேன் என்று சொல்லிக்கொள்ளும்போது நன்றாக இருந்தது. கோபி கடையில் எழுந்து இடம் கொடுத்தபோது இன்னும் நன்றாக இருந்தது. நீ அதைத் தலையில் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போயிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது.

இன்று தபாலாபீசுக்கு வரும் வழியில் கோபி கடையில் நின்று, கைலி தடுக்கி விழுந்ததைச் சொல்லிவிட்டேன். கடையில் அத்தனை பேரும் கேட்டார்கள். கோபி, "இதுவும் நல்லாத்தான்யா இருக்கு, முன்ன சொன்னதவிட" என்றான். பள்ளிக்கூடத்து விழாவுக்கு வரவில்லை என்றும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நீ திரும்ப விளையாட முடியுமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுத வேண்டுமானால் இந்தத் தாளில் இடம் போதாது, உலகக் கோப்பையை உன் கையில் கொடுத்து, மலையைச் சுற்றி யானைமேல் ஊர்வலம் விட்டுவிடுவேன். எழுதவில்லை. உன் கால் என்ன சொல்கிறதோ, அபிநயா என்ன சொல்கிறாளோ, அதை நீ பார்த்துக்கொள். போவதென்றால் போ, வருவதென்றால் வா. ஆனால் நான் நிறுத்தினேன் என்று நினைத்துக்கொண்டு வராதே.

நீ நம்பமாட்டாய் என்று தெரியும். நானாக இருந்தாலும் நம்பமாட்டேன். வைத்தியர் படம் எடுக்கவில்லை, என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை. இந்த இடது கை எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். விளையாட்டுக்கு எழுதிய கோணல் இல்லை இது.

என் முதல் கடிதத்தை வைத்திருந்தால் எடுத்துப் பார். தீபம் பொய். நந்தி பொய். வெள்ளைக்காரர்கள் மூன்று பேரும் பெங்களூர் பஸ் ஏறிப் போனார்கள். புலிப் பாய்ச்சல் பொய், நடுவர் குரங்கு பொய். நான் நிறுத்தினேன் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய பொய்.

எலும்பு மட்டும் நிஜம், மதி. உன் பந்து அதை உடைத்தது.

கண்ணாயிரம்